தறி, ராட்டை, பாதி நாள் பள்ளிக்கூடம்

அடிவாரத்தில் மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடை இருக்கிறது. காலை நடை முடிந்ததும் ஓய்வூதியக்காரர்கள் நாலைந்து பேர் அங்கே உட்காருவோம். சர்க்கரை இல்லாத டீ, சர்க்கரை குறைத்த டீ, "இன்னைக்கு ஒரு நாள் போடுப்பா" டீ என்று எங்கள் கணக்கு அந்தக் கடைக்காரத் தம்பிக்கு மனப்பாடம்.

போன மாதம் ஒரு நாள், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் செல்போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு காணொளி. சிவப்புத் தொப்பி போட்ட ஓர் இளம் ராணுவ அதிகாரி பேசுகிறார். ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ என்ற நாட்டின் தலைவராம். வெளிநாட்டுப் படையை அனுப்பிவிட்டாராம். எங்கள் தங்கத்தை நாங்களே சுத்திகரிப்போம், எங்கள் பருத்தியை நாங்களே நெய்து உடுத்துவோம் என்கிறாராம்.

"பார்த்தீங்களா வாத்தியாரே, தலைவன்னா இவன். நம்ம பக்கத்துல இப்படிச் சொன்னவங்க யாராச்சும் உண்டா?" என்றார்.

"உண்டு. இங்கிருந்து 60 கிலோமீட்டருக்குள்ள. நூறு வருஷம் முன்னால" என்றேன்.

நண்பர் நம்பவில்லை. அன்று நான் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதிப் பார்க்கிறேன். இதில் என் கதையும் கொஞ்சம் கலந்திருக்கிறது. நான் ஒரு நெசவாளியின் மகன்; வரலாறும் புவியியலும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். அதனால் இந்த விஷயம் எனக்கு வெறும் ஊர்வம்பு அல்ல.

கடல் இல்லாத நாடு

முதலில் அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம். மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி, நைஜர், பெனின், டோகோ, கானா, ஐவரி கோஸ்ட் என்ற ஆறு நாடுகளுக்கு நடுவே இருக்கிறது. கடற்கரை கிடையாது. பரப்பில் நம் தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு. மழை குறைவு. சாப்பாடு கம்பும் சோளமும். அந்த மாவைக் கிண்டி 'தோ' என்று ஒன்று செய்கிறார்கள். வெண்டைக்காய்ச் சாற்றில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். நம் பாட்டிமார் அங்கே போயிருந்தால் "இது நம்ம களிதானே" என்று சொல்லி உட்கார்ந்திருப்பார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் 1919இல் அப்பர் வோல்டா என்ற பெயரில் அதைத் தனிக் காலனியாக ஆக்கினார்கள். 1932இல் அதைக் கலைத்து, பக்கத்துக் காலனிகளுக்குப் பங்கு போட்டார்கள். அதன் பெரும்பகுதி ஐவரி கோஸ்டோடு போனது. அங்கே கடலோரத்துக் காப்பி, கொக்கோ தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். ஆள் இருந்ததோ இந்த வறண்ட நாட்டில். அபிஜான் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர் நீளும் ரயில் பாதை 1954இல் தலைநகர் வாகடூகுவை எட்டியது. கூலியாட்கள் போனதும் அந்த வழி, சாமான்கள் வந்ததும் அந்த வழி.

சேலத்துக்காரர்களுக்கு இது புதுக்கதை அல்ல. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். மேலே காப்பித் தோட்டங்கள் வளர்ந்தன. கீழே பஞ்சம் வந்தபோதெல்லாம் நம் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு சிலோன் தோட்டங்களுக்குப் போனார்கள். மழை பொய்த்த மண்ணில் மனிதன்தான் ஏற்றுமதிச் சரக்கு.

அப்பர் வோல்டாவுக்கு 1960 ஆகஸ்ட் 5 அன்று சுதந்திரம் வந்தது. 1983இல் தாமஸ் சங்காரா என்ற 33 வயது ராணுவ கேப்டன் ஆட்சிக்கு வந்தார். ஓராண்டு கழித்து நாட்டின் பெயரையே மாற்றினார். புர்கினா ஃபாசோ என்றால் நேர்மையான மனிதர்களின் நாடு என்று பொருள். எங்கள் பள்ளிச் சுவரில் தொங்கிய ஆப்பிரிக்க வரைபடத்தில் 'அப்பர் வோல்டா' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டுப் புதுப் பெயரை நான்தான் எழுதினேன். பையன்களுக்கு வாயில் நுழையவில்லை. ஆனால் அப்படியொரு அர்த்தத்தில் நாட்டுக்குப் பெயர் வைத்தார்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்தக் கேப்டன் செய்த பல காரியங்களில் ஒன்று துணி. நாட்டில் பருத்தி விளைகிறது. பஞ்சாகவே கப்பல் ஏறிப் போய்விடுகிறது. துணியாகத் திரும்பி வருகிறது. இது ஏன் என்று கேட்டார். உள்ளூர்ப் பஞ்சில் உள்ளூர்ப் பெண்கள் நெய்யும் 'ஃபாசோ டான் ஃபானி' என்ற கைத்தறித் துணியைத்தான் அரசு ஊழியர்கள் உடுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார். 1987 ஜூலையில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடிய அடிஸ் அபாபா மாநாட்டிலும் தன் உடையைக் காட்டி, இது எங்கள் பஞ்சு, எங்கள் நெசவு என்று பேசினார்.

இதைப் படித்தபோது எனக்குத் திருச்செங்கோடுதான் ஞாபகம் வந்தது.

புதுப்பாளையம், 1925

அப்போது சேலம் ஜில்லா பெரியது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அதற்குள் அடக்கம். புர்கினா ஃபாசோ மாதிரியே இதற்கும் கடற்கரை கிடையாது. திருச்செங்கோடு தாலுகா அதிலும் வறண்ட பகுதி. கிணற்றில் தண்ணீர் வற்றினால் வேலையும் வற்றிவிடும்.

சேலத்தில் 1900இலிருந்து வக்கீல் தொழில் செய்து நன்றாகச் சம்பாதித்தவர் ராஜாஜி. சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தில் வக்கீல் தொழிலை விட்டார். 1925 பிப்ரவரி 6 அன்று திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் கிராமத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். நிலம் கொடுத்தவர் அவ்வூர் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர். திறந்து வைத்தவர் யார் தெரியுமா? ஈரோட்டுப் பெரியார். ஆச்சரியப்பட வேண்டாம், அப்போது அவர் காங்கிரஸில் இருந்தார், கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றவர். அதே ஆண்டு நவம்பரில்தான் காஞ்சிபுரம் மாநாட்டில் காங்கிரஸை விட்டு வெளியேறினார். இந்த இருவரும் இந்தக் கதையில் பிறகு ஒரு முறை எதிரெதிராக வருவார்கள். அதுவரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரமம் என்றால் தாடி வைத்த சாமியார்கள் இருக்கும் இடம் அல்ல. கூரைக் குடிசைகளில் ராஜாஜியும் பிள்ளைகளும் மற்ற ஊழியர்களும் தங்கினார்கள். பஞ்சு வாங்குவது, அதைக் கொட்டிப் பட்டை போடுவது, சுற்றுப்பட்டி கிராமப் பெண்களுக்குக் கொடுப்பது, அவர்கள் ராட்டையில் நூற்றுக் கொண்டுவரும் நூலை நிறுத்துப் பார்த்துக் கூலி கொடுப்பது, அந்த நூலை நெசவாளிகளுக்குக் கொடுப்பது, வந்த துணியை வெளுத்து விற்பது. இதுதான் தினசரி வேலை. கூடவே ஒரு வைத்தியசாலை. 1925 மார்ச்சில் காந்தியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மழை பொய்த்த காலத்தில் இந்த நூற்புக் கூலிதான் பல வீடுகளில் அடுப்பு எரிய வைத்தது. ஒரு நாள் கூலி சில காசுகள்தான். ஆனால் வயலில் வேலையே இல்லாத மாதத்தில், வயசான அம்மாவும் கைம்பெண்ணும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சம்பாதித்த காசு அது. மைல் கணக்கில் நடந்து வந்து நூலைக் கொடுத்துவிட்டுப் பஞ்சு வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பினரையும் சேர்த்து, எல்லாரையும் ஒன்றாக வைத்துச் சாப்பாடு போட்டார்கள். ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. ராஜாஜி அசையவில்லை. சுற்று வட்டாரம் மெல்ல மெல்லத்தான் இறங்கி வந்தது. இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், நம் கையால் நெய்த துணி என்று பெருமை பேசுவது சுலபம்; 'நம்' என்ற அந்தச் சொல்லுக்குள் யார் யார் உண்டு என்ற கேள்வி வந்தபோதுதான் ஊர் முகம் சுளித்தது.

இன்னொரு விஷயத்தையும் ஆசிரமத்துக்காரர்கள் கண்டார்கள். மனைவி பகல் முழுக்க நூற்றுச் சம்பாதித்த காசு, சாயங்காலம் புருஷன் கையால் கள்ளுக்கடைக்குப் போய்விடுகிறது. அதனால் மதுவிலக்குப் பிரசாரம் ராட்டையோடு சேர்ந்துகொண்டது. 1929இல் 'விமோசனம்' என்ற பத்திரிகை அங்கிருந்து வந்தது. ஆசிரியர் ராஜாஜி, துணை ஆசிரியர் கல்கி. பத்து இதழ்கள்தான் வந்தன. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புக்காக நடந்து, கைதாகி, சிறைக்குப் போய்விட்டார். ஆனால் விதை விழுந்துவிட்டது. அவர் சென்னை மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் அமல்படுத்தியது நம் சேலம் ஜில்லாவில்தான். கள்ளு வருமானம் போன இடத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரி வந்தது. இன்று அந்த வரியின் வாரிசும் இருக்கிறது, சாராய வருமானமும் இருக்கிறது. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

நூல், கூலி, விலை

தற்சார்பு என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அது தறியில் ஏறும்போது என்ன ஆகிறது என்று ஒரு நெசவாளி வீட்டில் கேட்க வேண்டும்.

எங்கள் வீடு இளம்பிள்ளைப் பக்கம். அப்பாவுக்குக் குழித்தறி. கதர் நூலைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். கையால் நூற்ற நூல் ஓரிடத்தில் தடிப்பாக இருக்கும், ஓரிடத்தில் மெலிசாக இருக்கும். பாவில் போட்டால் அறுந்துகொண்டே இருக்கும். அறுந்த இழையை முடிந்துகொண்டே உட்கார்ந்தால் சேலை எப்போது இறங்கும், கூலி எப்போது வரும்? அதனால் சேலத்து நெசவாளிகளில் பெரும்பாலோர் மில் நூலில்தான் நெய்தார்கள். காந்தி மேல் மரியாதை இல்லாமல் இல்லை. வயிறு என்று ஒன்று இருந்தது.

இன்னொரு பக்கம் நூற்ற பெண்களின் கூலி. 1935இல் காந்தி, நூற்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்று அகில பாரத சர்க்கா சங்கத்தை வற்புறுத்தினார். சங்கமும் ஏற்றுக்கொண்டது. கூலி உயர்ந்ததும் கதர் விலை உயர்ந்தது, வாங்குபவர்கள் யோசித்தார்கள். துணி மலிவாக இருக்க வேண்டும் என்றால் நூற்றவள் பட்டினி. அவள் வயிறாறச் சாப்பிட வேண்டும் என்றால் துணி விலை கூட வேண்டும். இந்த முடிச்சை அன்றைக்கும் யாரும் சுலபமாக அவிழ்க்கவில்லை, இன்றைக்கும் இல்லை. அந்த வித்தியாசத்தைத் தன் சட்டைப் பையிலிருந்து கொடுக்கத் தயாராக இருந்தவர்களால்தான் கதர் ஓடியது.

அப்படித் தயாராக இருந்தவர்கள் அன்று நிறையப் பேர். யாரும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை. போலீஸ்காரன் அடிப்பான் என்று தெரிந்தே கதர்ச் சட்டை போட்டார்கள். புதுப்பாளையத்தின் பலம் அதுதான். நிலத்தைக் கொடுத்தவர் தானாகக் கொடுத்தார். குடிசையில் வந்து தங்கியவர்கள் தாங்களாக வந்தார்கள். நூற்றவளுக்குக் கூலி கிடைத்தது, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

பாதி நாள் பள்ளிக்கூடம்

இப்போது என் கதை.

1952இல் ராஜாஜி மீண்டும் முதலமைச்சரானார். அடுத்த ஆண்டு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதுத் திட்டம் வந்தது. பிள்ளைகளுக்கு அரை நாள்தான் பள்ளிக்கூடம். மீதி நேரம் தகப்பன் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடங்கள் குறைவு, ஆசிரியர்கள் குறைவு, பணமும் குறைவு. அரை அரை நாளாகப் பிரித்தால் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம், கைத்தொழிலும் அழியாது என்பது கணக்கு. காகிதத்தில் பார்த்தால் இதுவும் தற்சார்புதான்.

எனக்கு அப்போது எட்டு வயது. காலையில் பள்ளிக்கூடம் போய் வந்தால் மதியம் அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றுவேன். வீட்டில் தார் சுற்றுவது புதிதல்ல. நெசவாளி வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் செய்ததுதான். ஆனால் அதுவரை அது வீட்டு வேலை. இப்போது அதுவே என் படிப்பு என்று சர்க்கார் சொன்னது.

அப்பா அதிகம் பேசாதவர். ஒரு நாள் நாடாவை நிறுத்திவிட்டு அம்மாவிடம் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "வக்கீல் மவன் மத்தியானம் கோர்ட்டுக்கா போறான்? எம்மவன் மட்டும் ஏன் குழியில எறங்கணும்?"

அவர் எந்தக் கட்சியும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விதான் அன்று மாகாணம் முழுவதும் கேட்டது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்துப் பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. ஆசிரமத்தைத் திறந்து வைத்தவர், ஆசிரமத்தைத் தொடங்கியவருக்கு எதிரே நின்றார். 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகி காமராஜர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. எனக்கு மறுபடியும் முழு நாள் பள்ளிக்கூடம். அதனால்தான் இதை எழுதுகிறேன். இல்லையென்றால் இந்தக் கை வேறு எதையாவது செய்துகொண்டிருக்கும்.

எனக்கு ராஜாஜி மேல் கோபம் இல்லை. வயதாக ஆக அவரை இன்னும் கொஞ்சம் புரிந்துகொள்ளப் பார்க்கிறேன். புதுப்பாளையத்தில் அவர் கண்டது உண்மை: கையில் ஒரு தொழில் இருந்தால் பஞ்சத்திலும் மானத்தோடு இருக்கலாம். ஆனால் 1925இல் அவர் தன் வக்கீல் வருமானத்தை விட்டுவிட்டுக் குடிசைக்குப் போய் அதைச் செய்தார். 1953இல் கோட்டையில் உட்கார்ந்து என்னைச் செய்யச் சொன்னார். இரண்டுக்கும் நடுவே இருந்த தூரம் அவருக்குத் தெரியவில்லை. தறிக்குழியில் கால் விட்டிருந்த என் அப்பாவுக்குத் தெரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, எதற்கெடுத்தாலும் அரசாங்கம் பெர்மிட், லைசென்ஸ் என்று கையைப் பிடித்து நிறுத்துகிறதே என்று டெல்லியை எதிர்த்துப் போராடினார். ஜனங்களைத் தங்கள் வழியில் விடுங்கள் என்றார். சரிதான். நாலைந்து வருஷம் முன்னால் இளம்பிள்ளையில் ஒருவர் கேட்டதும் அதைத்தான்.

'சங்காரா வருகிறார்'

இந்த அனுபவத்தோடு திரும்பி ஆப்பிரிக்காவுக்குப் போவோம்.

சங்காரா நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சர்க்காரின் மெர்சிடிஸ் கார்களை விற்றுவிட்டு, அன்று அங்கே மலிவாகக் கிடைத்த ரெனோ 5 காரை மந்திரிகளுக்குக் கொடுத்தார். 1984இல் சில வாரங்களுக்குள் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தட்டம்மை, மூளைக்காய்ச்சல், மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட வைத்தார். பாலைவனம் நகர்ந்து வருவதைத் தடுக்க லட்சக்கணக்கில் மரம் நட வைத்தார். பணம் தர வெளிநாட்டார் மறுத்த ரயில் பாதையை ஜனங்களே கையால் போட்டார்கள். ஒரு நாள் ஆண்கள் எல்லாரும் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கி வர வேண்டும், அப்போதுதான் பெண்கள் படும் பாடு தெரியும் என்றுகூட அறிவித்தார். இந்த ஒன்றை என் மனைவியிடம் சொன்னேன். அந்த ஆளுக்கு ஓட்டுப் போடலாம் என்றாள்.

ஆனால் அவருக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை, ஓட்டே நடக்கவில்லை. 1984இல் வேலைநிறுத்தம் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை ஒரே அடியாக வேலையிலிருந்து நீக்கினார். ஆசிரியனாக இருந்த எனக்கு அந்தச் செய்தி உறுத்தியது. படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த நாட்டில் ஆயிரம் ஆசிரியர்களைத் துரத்திவிட்டு யாரை வைத்துப் பாடம் நடத்துவது? ஊருக்கு ஊர் ஏற்படுத்திய புரட்சிக் குழுக்களில் துப்பாக்கி பிடித்த இளவட்டங்கள் வைத்ததே சட்டம் என்று ஆனது.

துணி விஷயத்துக்கு வருகிறேன். ஃபாசோ டான் ஃபானி கைத்தறி. விலை கொஞ்சம் கூடுதல். மாதச் சம்பளக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கேப்டனோ திடீர் திடீரென்று அலுவலகங்களுக்குள் நுழைந்து பார்ப்பவர். அதனால் பலரும் ஓர் உடுப்பை அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அவர் வருகிறார் என்றால் சட்டென்று எடுத்து மாட்டிக்கொள்வது. அந்த உடுப்புக்கே 'சங்காரா வருகிறார்' என்று பெயர் வந்துவிட்டது.

படித்ததும் சிரித்துவிட்டேன். அக்டோபர் 2 அன்று மட்டும் பீரோவிலிருந்து வெளியே வரும் கதர்ச் சட்டைகளை நாம் பார்க்கவில்லையா? நான் படித்த பள்ளியில் தக்ளி வகுப்பு உண்டு. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் மூலையில் கிடந்த தக்ளிகளைத் துடைத்துக் கையில் கொடுப்பார்கள். அவர் போனதும் பம்பரம் மாதிரி சுற்றி விளையாடுவோம்.

1987 அக்டோபர் 15 அன்று சங்காராவைப் பன்னிரண்டு பேரோடு சேர்த்துச் சுட்டுக் கொன்றார்கள். கூட இருந்த நண்பர் பிளேஸ் கம்பாவோரே ஆட்சிக்கு வந்து 27 வருஷம் இருந்தார். கொலைக்காக 2022இல் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது அவர் அந்த நாட்டிலேயே இல்லை. ஃபானி உத்தரவு கேப்டனோடு போயிற்று.

ஆனால் துணி போகவில்லை. வாகடூகுவின் பெண்கள் தொடர்ந்து நெய்தார்கள், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஜனங்கள் விரும்பி வாங்கினார்கள். இப்போது அங்கே நீதிபதிகளின் அங்கியிலும் பள்ளிச் சீருடையிலும் அதைக் கொண்டுவருகிறார்கள். இதில் நமக்கு ஒரு முன்னனுபவம் உண்டு. 1983இல் எம்.ஜி.ஆர். காலத்தில் பொங்கலுக்கு இலவச வேட்டி சேலைத் திட்டம் வந்தது. ஏழைக்குத் துணி, நெசவாளிக்கு வேலை, இரண்டும் ஒரே செலவில். ஈரோடு, பள்ளிபாளையம், திருச்செங்கோடு வட்டாரத்தில் அந்த ஆர்டரை நம்பி எத்தனை வீடுகளில் தறி ஓடியது என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடுத்து என்று அதட்டுவதைவிட, நெய்து கொடு, நான் வாங்கிக்கொள்கிறேன் என்பது எவ்வளவோ மேல். விசைத்தறி வந்து கைத்தறியை ஓரம் கட்டியது வேறு கதை. அதை இன்னொரு நாள் எழுத வேண்டும்.

குழி தோண்டிய விவசாயி

அந்த நாட்டிலிருந்து நான் மிகவும் மதிக்கும் ஆள் ஒருவர் உண்டு. கேப்டன் அல்ல, ஒரு விவசாயி. பெயர் யாகூபா சவடோகோ. நாட்டின் வடக்கே யடெங்கா வட்டாரத்தில், 1980களின் வறட்சியில் ஊரே காலி செய்துகொண்டு போனபோது இவர் போகவில்லை. பாறையாக இறுகிப்போன நிலத்தில் கோடையிலேயே வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள் தோண்டி, ஒவ்வொன்றிலும் எருவைப் போட்டு வைத்தார். 'ஸாய்' என்று அதற்குப் பெயர்; முன்னோர் செய்த பழைய முறைதான், இவர் குழியைப் பெரிதாக்கினார். எருவுக்குக் கறையான் வந்து மண்ணைத் துளைக்கும். பெய்கிற கொஞ்ச மழையும் ஓடிப்போகாமல் குழிக்குள் இறங்கும். கம்பும் சோளமும் முளைத்தன. குழிகளில் மரங்களும் வந்தன. பைத்தியக்காரன் என்று சிரித்தவர்கள் பிறகு கற்றுக்கொள்ள வந்தார்கள். 2018இல் அவருக்கு உலக விருது ஒன்று கிடைத்தது. 2023 டிசம்பரில் காலமானார்.

அந்த நாட்டில் ஆட்சி எத்தனையோ முறை கவிழ்ந்தது. இந்தக் குழிகள் பக்கத்து நாடுகளுக்கும் பரவிவிட்டன. இவர் யாருக்கும் உத்தரவு போடவில்லை. முதலில் தன் நிலத்தில் தோண்டினார். விளைந்ததைப் பார்த்துப் பக்கத்து நிலத்துக்காரன் தோண்டினான்.

மறுபடியும் டீக்கடை

இப்போது நண்பரின் செல்போனில் வந்த கேப்டன். அவர் பெயர் இப்ராஹிம் ட்ராவோரே. 2022 செப்டம்பர் 30 அன்று, 34 வயதில் ஆட்சியைப் பிடித்தவர். பிரெஞ்சுப் படை 2023இல் வெளியேறியது உண்மை. தங்கம் அந்த நாட்டின் முதல் ஏற்றுமதிப் பொருள். அதைச் சொந்த நாட்டிலேயே சுத்திகரிக்க ஆலை கட்டத் தொடங்கியதும் உண்மை. ஆனால் ஆயுதக் குழுக்களின் தாக்குதலால் 20 லட்சம் பேர் வீடு வாசலை விட்டு ஓடியிருப்பதும் உண்மை. எதிர்த்துப் பேசியவர்களைக் கட்டாயமாகப் போர்முனைக்கு அனுப்பினார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. வாட்ஸ்அப்பில் இதெல்லாம் வராது. அவர் பேசாத பேச்சையும் கட்டாத வீட்டையும் கம்ப்யூட்டரில் உண்டாக்கி அனுப்பும் காணொளிகள் வேறு ஏராளம்.

அந்த ஜனங்கள் தங்கள் பஞ்சைத் தாங்களே நெய்து, தங்கள் தங்கத்தைத் தாங்களே விற்று நன்றாக இருக்க வேண்டும். களி தின்று வளர்ந்தவன் என்ற முறையில் மனதார ஆசைப்படுகிறேன். நண்பரிடம் நான் சொன்னது இதுதான்: "அந்த நாட்டுல ஒரு நெசவுக்காரம்மா மகன் எத்தனை மணி நேரம் பள்ளிக்கூடத்துல உக்கார்றான்னு யாராச்சும் காணொளி அனுப்பினா எனக்கும் அனுப்புங்க. அப்புறம் கைதட்டலாம்."

அவர் யோசித்துவிட்டு, "அது சரி, அந்த ஆசிரமம் இன்னும் இருக்குதா?" என்றார்.

இருக்கிறது. அந்த இடத்துக்கே காந்தி ஆசிரமம் என்று பெயராகிவிட்டது; தபால் முகவரியும் அதுதான். போன வாரம் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய் வந்தோம். திருச்செங்கோடு நெருங்க நெருங்கச் சாலையோரம் பட்டறைகள். வரிசையாக ஆழ்குழாய் போடும் ரிக் வண்டிகள். தண்ணீர் இல்லாத ஊர் தண்ணீர் தேடும் எந்திரத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டியது இயற்கைதானே. இந்தியா முழுக்க ஓடும் இந்த வண்டிகள் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போகின்றன. ராட்டை சுற்றிய ஊர் இன்று அந்த வறண்ட மண்ணில் துளை போடுகிறது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. நம்ம பட்டறைக்காரர்கள் செய்தார்கள்.

கதர்க் கடையில் நான் ஒரு துண்டு வாங்கினேன். நண்பர் விலையைக் கேட்டுவிட்டு, ஜவுளிக்கடையில் இந்த விலைக்கு இரண்டு கிடைக்கும் என்றார். வழக்கமாக நானும் அப்படித்தான் சொல்வேன். அன்று பேசாமல் பணத்தைக் கொடுத்தேன். துண்டில் ஓரிடத்தில் இழை தடித்திருந்தது. அப்பா பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அந்த ஆசிரமத்துக்கு நூல் நூற்றுக் கொடுத்த பாட்டிமார் யாரேனும் இருந்திருந்தால், என்ன கூலி வாங்கினார்கள், எத்தனை மைல் நடந்தார்கள் என்று கேள்விப்பட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தலைவர்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நூற்றவர்களைப் பற்றி நாம்தான் எழுத வேண்டும்.